ரிச்சி தெருவுக்கு வந்த ஆரணி லேப்டாப்

சென்னையில் டி.வி ரிமோட்டில் ஆரம்பித்து லேப்டாப் வரை எது மக்கர் பண்ணினாலும், பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் யோசனை ஒன்றுதான்: “ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பாருங்களேன்.” அண்ணா சாலையில் கேசினோ தியேட்டர் பக்கமாகத் திரும்பினால், ஆட்டோகூடத் திணறும் அகலத்தில் ஒரு தெரு. அதைச் சுற்றி நரசிங்கபுரம் தெரு, ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பேர்போன மீரான் சாகிப் தெரு எனச் சில சந்துகள். எல்லாம் சேர்ந்ததுதான் நம் மக்கள் வாயில் ‘ரிச்சி’. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக, நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை இதுதான் என்பார்கள்.

மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். எல்.ஐ.சி ஸ்டேஷனும் எட்டும் தூரம்தான். பறக்கும் ரயில்காரர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் இருக்கிறது. காரில் மட்டும் வந்துவிடாதீர்கள். நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும்.

தெருவுக்குள் காலை வைத்ததுமே, “என்ன சார் வேணும்? லேப்டாப்பா, பேட்டரியா, சர்வீஸா?” என்று நான்கு பேர் கூடவே நடப்பார்கள். ஒரு கடையில் சாக்கு மூட்டையில் சார்ஜர் ஒயர்கள் கிடக்கும். அடுத்த கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தம்புது கேமரா. எதிரே இன்ஜினீயரிங் மாணவர்கள் புராஜெக்டுக்காக சென்சாரும் மோட்டாரும் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, கீழே டீ கிளாஸ்கள் தாங்கிய கம்பிக் கூடையோடு ஒரு பையன் பைக்குகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுவான்.

விற்பனையெல்லாம் தரைத்தளத்தில். ரிச்சியின் வைத்தியர்கள் இருப்பது மாடியில். ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய குறுகலான படிக்கட்டுகள். மேலே போனால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து ‘போர்டு’ பார்ப்பவர்கள், சூடான காற்றடிக்கும் துப்பாக்கியால் சிப்பைப் பெயர்த்தெடுப்பவர்கள். மருத்துவமனை புறநோயாளிகள் பிரிவு மாதிரி, மடியில் லேப்டாப்போடு காத்திருக்கும் ஜனங்கள்.

சின்னத் தறிப் பேட்டை

இந்தச் சந்தை இருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1734-ல் மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும் என்பதற்காக, கூவம் வளைந்தோடும் இந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். அதற்கு முன் அது சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்தது. நூற்பவர்கள், நெய்பவர்கள், துணிக்கு வண்ணம் தீட்டுபவர்கள், வெளுப்பவர்கள் என்று ஊரே துணிக்காக உருவானது. ‘சின்னத் தறிப் பேட்டை’தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்று சொல்வார்கள்.

இன்றைக்கு அங்கே தறிச் சத்தம் கேட்பதில்லை. ஆனால் சமீபத்தில் ஒரு மாடிக் கடையில் நான் பார்த்த லேப்டாப், தறி வீட்டிலிருந்து வந்திருந்தது.

மாடிக் கடையில் ஒரு தம்பதி

என் பழைய லேப்டாப்பின் கீபோர்டை மாற்றக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாவும் அவர் கணவரும். கணவர் கையில் சாப்பாட்டுப் பை. அந்த அம்மாவின் மடியில் துண்டில் சுற்றிய லேப்டாப். ஆரணியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். வீட்டில் நான்கு தறி. பட்டுச் சேலைக்குக் கரை, முந்தானை, புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து டிசைன் போடுவது அந்த அம்மாதான். பதினோரு வருஷத்து டிசைன்கள் அந்த லேப்டாப்பில் இருந்தன. கல்யாண சீசனுக்காக ஒரு கடைக்காரர் கேட்ட புது முந்தானையும் அதில்தான் பாதியில் நின்றது.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். “சொல்லுங்கக்கா, என்ன ஆச்சு?” என்றார்.

“நேத்து ராத்திரி வேலைய முடிச்சிட்டு ஆஃப் பண்ணப் போனேன் தம்பி. ‘அப்டேட் அண்டு ஷட்டவுன்’னு வந்துச்சு. சரின்னு அமுக்கினேன். பாதியில கரன்ட் போயிடுச்சு. அதுல இருந்து இப்படித்தான். பேர் வருது, வட்டம் சுத்துது, அணையுது. மறுபடி தானா பேர் வருது. விடியவிடிய இதேதான்.”

“பேட்டரி?”

“அது போயி ரெண்டு வருஷம் ஆச்சு. எப்பவும் ஒயர் மாட்டித்தான் ஓட்டுறது.”

“ஊர்ல யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“காலையில ஒரு தெரிஞ்ச பையன் வந்து பார்த்தான். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்னான். உள்ள இருக்கறது போயிடுமான்னு கேட்டேன். போயிடும்னான். அப்படியே மூடி எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டோம்.”

கடைக்காரர் சிரித்தார். “நல்ல வேலை செஞ்சீங்க. பாதி ரிப்பேர் நீங்களே பண்ணிட்டீங்க.”

அவர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் போன்ற மென்பொருள் வேறு, நாம் சேர்த்து வைத்திருக்கும் ஃபைல்கள் வேறு. இரண்டும் ஒரே டிஸ்கில்தான் குடியிருக்கின்றன. ஆனால், அப்டேட் பாதியில் நின்றால் அடிபடுவது பெரும்பாலும் முதலாவதுதான். வீட்டு வாசல் பூட்டு மாட்டிக்கொண்டது என்பதற்காக உள்ளே இருக்கும் பீரோ காணாமல் போய்விடாது. ‘ஃபார்மட்’ என்பதோ பூட்டைத் திறக்க வீட்டையே இடித்துக் கட்டுவது. கதவு திறந்துவிடும், பீரோ இருக்காது.

ஏன் இப்படிச் சுற்றுகிறது?

பெரிய அப்டேட் ஒன்று வரும்போது, கம்ப்யூட்டர் முதலில் தேவையான ஃபைல்களை இறக்கி வைத்துக்கொள்ளும். அதுவரை நமக்கு ஒன்றும் தெரியாது. ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் பழைய ஃபைல்களை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனாலோ, டிஸ்கில் இடம் போதாவிட்டாலோ, ஏதாவது ஒரு டிரைவர் மென்பொருள் ஒத்துப்போகாவிட்டாலோ, பழையதும் முழுதாக இல்லை, புதியதும் முழுதாக இல்லை என்ற நிலை வரும். விண்டோஸ் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். பல நேரம் திரும்பியும் விடும். அதுவும் முடியாதபோதுதான் ‘கிளம்பு, விழு, மறுபடி கிளம்பு’ என்று சுற்றத் தொடங்குகிறது.

கடைக்காரர் உடனே கீபோர்டைத் தொடவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்த ஒரு சின்னக் குச்சியை முதலில் பிடுங்கினார். அந்த அம்மா பதறிவிட்டார். “தம்பி, அது டாங்கிள்! அது இல்லன்னா டிசைன் சாஃப்ட்வேர் திறக்காது!”

“தெரியும்க்கா. பத்திரமா உங்க கையிலயே வெச்சுக்குங்க. ஸ்டார்ட் ஆகும்போது வெளியில இருந்து எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. பென் டிரைவ், பிரின்டர் ஒயர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் பார்க்கணும். சில சமயம் அதுலயே சரியாயிடும்.”

ஆகவில்லை. மறுபடியும் பேர், வட்டம், கறுப்புத் திரை.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியமானது. லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பின் சொந்த விண்டோஸை எழுப்பாமல், அந்தப் பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினார். திரையில் வேறு மாதிரி ஒரு முகப்பு வந்தது. அதில் டிஸ்கைத் திறந்து, “உங்க டிசைன் எந்த ஃபோல்டர்லக்கா?” என்று கேட்டார். அந்த அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ‘கரை’, ‘முந்தானை’, ‘ஆர்டர்’ என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன.

“இருக்கு!” என்றார். பின்னால் நின்ற கணவர் சாப்பாட்டுப் பையை மெதுவாகத் தரையில் வைத்தார். அதுவரை அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

கீழே ஒரு கடையில் புது ஹார்டு டிஸ்க் வாங்கி வரச் சொல்லி, எல்லாவற்றையும் அதில் காப்பி போட்டார் கடைக்காரர். முக்கால் மணி நேரம் ஆனது. காப்பி ஆன நாலைந்து டிசைன்களைத் திறந்து காட்டி, “பார்த்துக்குங்க. இப்ப லேப்டாப் என்ன ஆனாலும் உங்க சொத்து உங்க கையில” என்று அந்த டிஸ்கைக் கொடுத்த பிறகுதான் ரிப்பேரையே ஆரம்பித்தார்.

அட்டையில் இருந்து வந்த கம்ப்யூட்டர்

காப்பி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கணவர் பேசத் தொடங்கினார். அவர் அப்பா காலத்தில் டிசைனை கிராஃப் தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் கோப்பார்களாம். ஓட்டை இருந்தால் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒரு முந்தானைக்கே கட்டுக் கட்டாக அட்டை. “அந்த அட்டையை எலி கடிச்சாதான் உண்டு. இதுக்குப் பாருங்க, கரன்ட் போனா போதும்” என்றார்.

அவர் சொன்ன அட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு. பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, 1804-ல் ஓட்டை போட்ட அட்டைகளால் பூவேலை நெய்யும் கருவிக்கு உரிமம் பெற்றார். அதைப் பார்த்துத்தான் 1830-களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டையிலேயே கட்டளை கொடுக்கலாம் என்று யோசித்தார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரங்கள் எண்ணி முடித்ததும் ஓட்டை அட்டைகளால்தான். அவருடைய கம்பெனி பிறகு இணைந்து வளர்ந்ததுதான் ஐ.பி.எம். தறி பெற்ற பிள்ளை கம்ப்யூட்டர் என்றே சொல்லலாம். தறிக்காக உண்டான பேட்டையில் கம்ப்யூட்டர் வைத்தியம் நடப்பதில் தப்பே இல்லை.

திரும்பிப் போன அப்டேட்

டேட்டா பத்திரமான பிறகு, கடைக்காரர் விண்டோஸின் ரிப்பேர் திரையை வரவழைத்தார். அதற்கு சி.டி எதுவும் தேவையில்லை. விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை கிளம்ப முடியாமல் போனால், அடுத்த முறை தானாகவே ரிப்பேர் பக்கம் போகும்படிதான் வைத்திருக்கிறார்கள். அது வராவிட்டால், கம்பெனி சின்னம் தெரியும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் நீலத் திரை வரும்.

அதில் ‘டிரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. பத்து நிமிடம் யோசித்துவிட்டு, முடியவில்லை என்று கைவிரித்தது. அடுத்து ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. அங்கே இரண்டு கதவுகள். மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டை நீக்குவது ஒன்று, விண்டோஸையே புது பதிப்புக்கு மாற்றும் பெரிய அப்டேட்டை நீக்குவது மற்றொன்று. சின்னது பலிக்கவில்லை. பெரியதை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

“இனிமே யாரும் ஒயரைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். அரை மணி நேரம் கழித்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்தது. பின்னணியில் அரக்கு நிறச் சேலையில் ஒரு அன்னப்பட்சி புட்டா. அந்த அம்மா வரைந்ததுதான்.

“பெரிய அப்டேட்டைத் திரும்ப எடுக்கறதுக்குப் பொதுவா பத்து நாள்தான் டைம் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் பழைய ஃபைலை கம்ப்யூட்டரே அழிச்சிடும். நீங்க அடுத்த நாளே வந்தீங்க” என்றார். சர்வீஸுக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். புது பேட்டரியும் போட்டுக்கொள்ளச் சொன்னார். “இந்த லேப்டாப்புக்கு நோய் அப்டேட் இல்லக்கா. செத்த பேட்டரிதான். பேட்டரி உயிரோட இருந்திருந்தா, கரன்ட் போனது அதுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“அப்ப இனிமே அப்டேட்டே வராம பண்ணிடு தம்பி” என்றார் அந்த அம்மா.

“அது மட்டும் கேக்காதீங்க. கொஞ்ச நாள் தள்ளி வைக்கிறேன். பேட்டரி போட்டு, ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, அப்புறம் நிதானமா விடுங்க.”

அவர் மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், இரண்டு மாதம் முன்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். தள்ளிக்கொண்டே போனவர்கள் மாட்டினார்கள்.

மாதத்தில் இரண்டாவது செவ்வாய்

“எங்களுக்கு அமாவாசை, பௌர்ணமி மாதிரி ஒரு நாள் இருக்கு சார்” என்றார் அந்தக் கடைக்காரர் என்னிடம். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் விண்டோஸ் அப்டேட்டுகளை வெளியிடுவது 2003-லிருந்தே மைக்ரோசாஃப்டின் வழக்கம். அமெரிக்காவில் அது காலை நேரம், நமக்கு ராத்திரி. புதன், வியாழனில் மாடிப்படியில் கூட்டம் கொஞ்சம் கூடுமாம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், பழைய லேப்டாப்பைப் பதினொன்றுக்கு மாற்ற வருபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் எல்லாம் வேண்டும். இல்லாத லேப்டாப்பில் வலுக்கட்டாயமாகப் போட்டு, பிறகு தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டாம்.

இந்தச் சுற்றல் எவ்வளவு பெரிய இடத்துக்கும் வரும் என்பதை 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. அது விண்டோஸின் அப்டேட் இல்லை என்றாலும், அறிகுறி அதேதான். விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை ‘சேஃப் மோடில்’ கிளப்பி, ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால், பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாகப் போய் உட்கார்ந்துதான் செய்ய வேண்டியிருந்தது. ஆரணி லேப்டாப்பைப் போலவே அந்தக் கம்ப்யூட்டர்களும் செத்துப்போகவில்லை. எழுந்திருக்க வழி தெரியாமல் நின்றன, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால்...

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் சதவிகிதம் காட்டி ‘அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்று இருந்தால், அது சுற்றல் இல்லை. பழைய லேப்டாப்பில் அது மணிக்கணக்கில்கூட ஆகலாம். சார்ஜரை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பொறுமை இழந்து அணைப்பதுதான் பல லேப்டாப்களை மாட்டிவிடுகிறது. பேர் வந்து, அணைந்து, மறுபடி பேர் வருவதே திரும்பத் திரும்ப நடந்தால்தான் கை வைக்க வேண்டும்.

அப்போது, வெளியே மாட்டிய எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சார்ஜர் மட்டும் இருக்கட்டும். மேலே சொன்ன முறையில் நீலத் திரையை வரவழையுங்கள். ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, பிறகு ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’, பிறகு ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ என்ற வரிசையில் முயலுங்கள். இந்த மூன்றும் உங்கள் போட்டோவையோ கடிதங்களையோ அழிப்பதற்கானவை அல்ல. ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ போய் எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு திறக்கும். அதில் லேப்டாப் கிளம்பிவிட்டால், முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

‘ரீசெட் திஸ் பிசி’ என்று ஒன்றும் அங்கே இருக்கும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் இரண்டு வழி. ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் உங்கள் ஃபைல்களை வைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட மென்பொருள்களை மட்டும் எடுத்துவிடும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் பெயருக்கேற்றபடி எல்லாம் போய்விடும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள்.

இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. ‘பிட்லாக்கர்’ என்று பெயர். ரிப்பேர் நேரத்தில் திடீரென்று 48 இலக்க எண் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்காது. ரிச்சியின் எந்த மாடிக்குப் போனாலும் அதேதான். லேப்டாப் வாங்கியபோது நீங்கள் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால், அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்து, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் இடத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

ரிச்சிக்குக் கிளம்பும் முன்

எதுவும் பலிக்காவிட்டால் வண்டி ஏறுங்கள். காலை பத்தரைக்கு மேல் போனால் கடைகள் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது. சார்ஜரை மறக்காமல் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் வந்து, இருக்கும் சார்ஜரையே இன்னொன்று வாங்கியவர்களை அன்றைக்கே பார்த்தேன். டேட்டாவை எடுக்க ஒரு ஹார்டு டிஸ்கும் கையில் இருக்கட்டும். கடைக்காரரின் டிஸ்கில் காப்பி போட்டால், வேலை முடிந்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. முடிந்தவரை உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள். ஏதாவது பாகம் மாற்றினால் பழையதைக் கேளுங்கள். பில் வாங்குங்கள்.

எந்தக் கடையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறீர்களா? பெரிய போர்டைப் பார்க்காதீர்கள். ‘உள்ளே இருக்கிற டேட்டா வேணுமா?’ என்று முதல் கேள்வி கேட்பவரிடம் கொடுங்கள். ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்று ஆரம்பிப்பவரிடம் சிரித்துவிட்டு அடுத்த படிக்கட்டு ஏறுங்கள். ரிச்சியில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை.

இத்தனையும் தேவைப்படாமல் இருக்கவும் வழி உண்டு. முக்கியமானது எதுவாக இருந்தாலும், பிள்ளையின் சின்ன வயது போட்டோவோ, காலேஜ் புராஜெக்டோ, கடைக் கணக்கோ, மூன்று இடத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே வேறெங்காவது ஒன்று. ஆரணி அம்மா கிளம்பும்போது இன்னொரு ஹார்டு டிஸ்கும் வாங்கிக்கொண்டார். அது வந்தவாசியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காம்.

வேலை முடிந்து வெளியே வந்தால், அண்ணா சாலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை இருக்கிறது, ஒரு காலத்தில் ஊரே அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி கட்டடம் இருக்கிறது. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஃபில்டர் காபி குடித்துவிட்டு மெட்ரோ ஏறலாம். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, புது டிஸ்கில் இரண்டாவது காப்பியைப் போட்டுவிடுங்கள். கரன்ட் இருக்கும்போதே!